மாமா மூடாமல் விட்ட குழாய்

போன வருடம் மழைக்காலம் தொடங்குவதற்குச் சில வாரங்களுக்கு முன்பு, மும்பை செம்பூர் பக்கம் திலக் நகரில் உள்ள எங்கள் வீட்டில் நடந்தது இது. மூன்றாவது மாடி, லிஃப்ட் கிடையாது. ஓர் அறை, ஒரு சமையலறை, அதை ஒட்டி ஒரு குளியலறை. அதற்குள் நான், என் கணவர், அப்போது மூன்றரை வயதாகியிருந்த எங்கள் மகள், என் மாமனார் என நான்கு பேர். மாமியார் இறந்து ஆறு வருடங்கள் ஆகின்றன.

மாமா திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து இருபது வயதில் இங்கே வந்தவர். தாராவியில் தோல் பை தைக்கும் பட்டறை ஒன்றில் முப்பத்தைந்து வருடம் வேலை பார்த்தார். பீடியோ சிகரெட்டோ தொட்டதில்லை. அதனால் நுரையீரலில் புற்றுநோய் என்று தெரிந்தபோது, பார்க்க வந்த ஒவ்வொருவரும் முதலில் கேட்ட கேள்வி அவரை ரொம்பவே எரிச்சல்படுத்தியது. ஒருவரிடம், “பீடி குடிச்சிருந்தா அந்தச் சந்தோசமாவது மிஞ்சியிருக்கும்வே, அதுவும் இல்லாமல்லா போச்சு” என்றார். வந்தவர் சிரிப்பதா வேண்டாமா என்று தெரியாமல் காபியை ஒரே மூச்சில் குடித்துவிட்டுக் கிளம்பினார்.

மாமாவுக்குக் கொடுத்தது நாமெல்லாம் கேள்விப்பட்டிருக்கிற கீமோ இல்லை. மூன்று வாரத்துக்கு ஒருமுறை ஏற்றும் இம்யூனோதெரபி மருந்து. நம் உடம்பிலேயே நோயை எதிர்க்கும் செல்கள் இருக்கின்றன, புற்றுநோய் அவற்றின் பிரேக்கை அழுத்திப் பிடித்து நிறுத்தி வைத்திருக்கிறது, இந்த மருந்து அந்தப் பிரேக்கை விடுவித்துவிடும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். நான்கு தடவை ஏற்றிய பிறகு எடுத்த ஸ்கேனில் கட்டி பாதியாகச் சுருங்கியிருந்தது. பழைய இருமலும் நின்றுபோயிருந்தது.

மருத்துவமனை விஷயங்களை எல்லாம் பார்த்துக்கொண்டது நான்தான். கணவருக்கு வாஷியில் வேலை. காலையில் போனால் விளக்கு வைத்த பிறகுதான் வருவார். நான் பி.காம். முடித்தவள், குழந்தை பிறந்ததும் வேலையை விட்டவள். வீட்டில் எதற்கெடுத்தாலும் “அவ படிச்சவ, அவளக் கேளு” என்பார்கள். அந்தப் பெயரைக் காப்பாற்ற வேண்டும் என்று நான் படுகிற பாடு யாருக்கும் தெரியாது. ஒரு மாத்திரை கொடுத்துவிட்டு, கொடுத்தேனா இல்லையா என்று அட்டையைத் திரும்ப எடுத்து எண்ணிப் பார்க்கிற ரகம் நான்.

முதல் நாளே, மருந்து ஏற்றும் வார்டில் இருந்த கேரளத்து நர்ஸ் ஒரு மஞ்சள் அட்டையைக் கொடுத்தார். என்னென்ன வந்தால் உடனே போன் செய்ய வேண்டும் என்று அதில் எழுதியிருந்தது. முதல் வரியே, ‘புதிதாக வரும் இருமல், மூச்சு வாங்குதல்’. கீழே ஒரு நம்பர். நான் அதைக் கொண்டுவந்து ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டினேன். ஒரு நாளைக்குப் பத்துத் தடவை அதைப் பார்த்தேன். ஆனால், இருமல் வந்தால் சொல்ல வேண்டும் என்று எழுதியிருந்ததை, இருமலே வரவிடக் கூடாது என்று என் மனம் மாற்றிப் படித்துக்கொண்டிருந்தது.

அதற்குக் காரணம், கீழ்வீட்டு மராத்தி அம்மா. நாங்கள் ‘காக்கூ’ என்று கூப்பிடுவோம். அவர் கணவருக்குச் சில வருடங்களுக்கு முன்பு கீமோ கொடுத்திருந்தார்கள். வீட்டில் யாருக்காவது சளி பிடித்தால்கூட நோயாளிக்கு ஆபத்து, அதிலும் குழந்தைகள்தான் எல்லாக் காய்ச்சலையும் வீட்டுக்குக் கொண்டுவருவார்கள், கிட்டவே விடாதே என்று அவர் என்னிடம் அழுத்தமாகச் சொன்னார். தன் அனுபவத்தை அன்போடுதான் சொன்னார். அவர் கணவருக்குக் கொடுத்த மருந்து வேறு, மாமாவுக்குக் கொடுக்கும் மருந்து வேறு. இதை டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். இவ்வளவு படித்துவிட்டு இதைப் போய்க் கேட்பதா என்று கூச்சப்பட்டேன்.

அப்படித்தான் வீட்டில் என் சட்டம் அமலுக்கு வந்தது. யாராவது இருமினாலோ தும்மினாலோ, மகள் உடனே தாராவியில் இருக்கும் என் அம்மா வீட்டுக்கு. முதல் தடவை அவளுக்கே மூக்கு ஒழுகியது. ஒன்பது நாள் அங்கே இருந்தாள். இரண்டாவது தடவை, ரசம் குடிக்கும்போது மாமாவுக்குப் புரையேறி நான்கைந்து முறை இருமினார். புரைதான் என்று அவரும் சொன்னார், எனக்கும் தெரிந்தது. இருந்தாலும் எதற்கு வம்பு என்று அன்று சாயங்காலமே குழந்தையின் துணிகளைப் பையில் போட்டேன். அந்த வாரம் முழுக்க மாமா சரியாகச் சாப்பிடவில்லை. வாசலில் கிடந்த அவளுடைய குட்டிச் செருப்புகளைச் சேர்த்துச் சேர்த்து வைப்பார். “இன்னைக்காவது வருவாளா தாயி?” என்று தினமும் கேட்பார்.

நான் ஒரு நாள் பொறுமை இழந்து சொன்னேன். “மாமா, ஒங்களுக்கு இருமல் வந்தா மருந்து ஏத்த மாட்டாவ. பிள்ளையையும் அனுப்பத்தான் வேணும். கவனமா இருங்க.”

“சரி தாயி” என்றார்.

இந்த இடத்தில் ஒன்றை மறைக்காமல் எழுதிவிடுகிறேன். எல்லாம் மாமாவின் நன்மைக்காக என்றுதான் நான் எல்லோரிடமும் சொன்னேன். புற்றுநோய் தொற்றாது என்று எனக்கு நன்றாகத் தெரியும். ஆனாலும் மகள் அவர் டம்ளரில் தண்ணீர் குடிக்கப் போனால் என் கை தானாக நீண்டு டம்ளரை வாங்கிவிடும். மாமா அதைப் பார்த்திருக்க வேண்டும். ஒரு நாள் அவராகவே தன் டம்ளரைத் தனியாக ஜன்னல் ஓரத்தில் வைத்துக்கொள்ள ஆரம்பித்தார். ஏன் என்று நான் கேட்கவில்லை. திரும்ப அலமாரியில் எடுத்து வைக்கவும் இல்லை.

இனி குழாய் விஷயத்துக்கு வருகிறேன். தாராவியில் விடியற்காலையில் கேன்களை வரிசையில் போட்டுத் தண்ணீர் பிடித்த ஆள் மாமா. எங்கள் வீட்டில் யாராவது குழாயைத் திறந்து வைத்துக்கொண்டு பல் தேய்த்தால் வெளியிலிருந்தே சத்தம் போடுவார்.

“ஏலே, ஒங்க அப்பன் என்ன ஏரி வெட்டி வச்சிருக்கானா? மூடுல குழாய!”

“எங்க அப்பன் நீங்கதானப்பா” என்று உள்ளேயிருந்து கணவர் பதில் சொல்வார். தினமும் நடக்கும் இந்த வேடிக்கையில் என் மகளுக்கு அப்படி ஒரு சிரிப்பு.

அப்படிப்பட்ட மனிதர் மே மாதத்தில் குளியலறைக்குப் போனால் குழாய் நிற்காமல் ஓட ஆரம்பித்தது. முகம் கழுவப் போனாலும் ஐந்து நிமிடம், பத்து நிமிடம். வாளி நிரம்பி வழிகிற சத்தம் எனக்குக் கேட்கும். வெளியே வரும்போது துண்டால் வாயைத் துடைத்துக்கொண்டு வருவார். நான் அதைக் கவனித்தேன். கவனித்து, கணவரிடம், “மாமாவுக்கு மறதி வருதோன்னு பயமா இருக்கு. குழாய மூட மறந்துருதாவ” என்றேன். வயதாகிறதல்லவா என்றார் அவர். நான் விடவில்லை. அந்த மருந்தால் மறதி வருமா என்று போனில் தேடித் தேடிப் படித்தேன். தூக்கம் கெட்டது. அவ்வளவு தேடினேனே தவிர, குளியலறைக் கதவருகே போய் ஒரு நிமிடம் நின்று கேட்கவில்லை.

அன்று ஒரு வியாழக்கிழமை, காலை பதினொரு மணி இருக்கும். மாமா கொத்தமல்லி வாங்கிவருகிறேன் என்று கீழே போயிருந்தார். நான் சப்பாத்திக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தேன். குளியலறையில் குழாய் ஓடுகிற சத்தம் கேட்டது. மகள்தான் தண்ணீரில் விளையாடுகிறாள் என்று திட்டப் போனேன்.

அவள் எனக்கு முதுகைக் காட்டியபடி நின்றிருந்தாள். மாமாவின் துண்டு அவள் தோளில் தரை வரை தொங்கியது. ஓடுகிற குழாயை ஒரு கையால் பிடித்துக்கொண்டு குனிந்து, துண்டை வாயில் அழுத்தி, தோள் இரண்டும் குலுங்கக் குலுங்க இருமினாள். அது குழந்தையின் இருமல் இல்லை. அடி வயிற்றிலிருந்து வருகிற, சளியில்லாத, ஒரு பெரிய மனிதரின் இருமலை அப்படியே செய்துகாட்டினாள். பிறகு சுவரில் கையை ஊன்றி மூச்சு வாங்கினாள். வாயைத் துடைத்தாள். குழாயை மூடினாள். திரும்பி என்னைப் பார்த்ததும் பயப்படவில்லை, சிரித்தாள்.

“இது தாத்தா வெளாட்டு” என்றாள். உடனே ஞாபகம் வந்து உதட்டில் விரலை வைத்துக்கொண்டாள். “அம்மாகிட்ட சொல்லக் கூடாது.”

கையில் ஒட்டியிருந்த மாவைக் கழுவாமல் அவளைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு படியிறங்கி ஓடினேன். தூரம் போக வேண்டியிருக்கவில்லை. முதல் மாடிக்கும் இரண்டாவது மாடிக்கும் நடுவே படியில் மாமா உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் கொத்தமல்லிக் கட்டு. என்னைப் பார்த்ததும் அவசரமாகக் குனிந்து செருப்பைப் பிடித்தார்.

“வாரு அந்துட்டு தாயி. அதான்...” என்றவருக்கு வாக்கியத்தை முடிக்க மூச்சு வரவில்லை. செருப்பின் வார் நன்றாகத்தான் இருந்தது.

“எத்தனை நாளா மாமா இருமுதிய?”

அவர் குழந்தையைப் பார்த்தார். அவள் முகத்தை என் தோளில் புதைத்துக்கொண்டாள்.

“பத்து... பன்னெண்டு நாளு இருக்கும்.”

“ஏன் மாமா எங்கிட்ட சொல்லல?” நான் கத்தியே விட்டேன். மேலே ஒரு வீட்டுக் கதவு திறந்தது.

மாமா செருப்பையே பார்த்துக்கொண்டு சொன்னார். “சொன்னா பிள்ளையக் கொண்டு போயிருவியே தாயி.”

இந்தப் பத்து மாதத்தில் அந்த வார்த்தையை நான் எத்தனை முறை காதுக்குள் கேட்டிருப்பேன் என்று கணக்கே இல்லை.

மேலே அழைத்துவந்தேன். ஒன்றரை மாடி ஏற நான்கு இடத்தில் நிற்க வேண்டியிருந்தது. கொரோனா காலத்தில் வாங்கிய, விரலில் மாட்டிப் பார்க்கும் ஆக்சிமீட்டர் அலமாரியில் கிடந்தது. பேட்டரி தீர்ந்திருந்தது. டிவி ரிமோட்டிலிருந்து கழற்றிப் போட்டேன். எண்பத்தேழு காட்டியது. வேறு விரலில் மாட்டினேன். எண்பத்தாறு. என் விரலில் மாட்டிப் பார்த்தேன், கருவி கெட்டிருக்க வேண்டுமே என்று. தொண்ணூற்றெட்டு.

மஞ்சள் அட்டையில் இருந்த நம்பருக்கு அன்றுதான் முதல் தடவையாகப் போன் செய்தேன். அதே நர்ஸ்தான் எடுத்தார். இருமல் எத்தனை நாள், காய்ச்சல் உண்டா, ஆக்சிஜன் எவ்வளவு என்று மூன்றே கேள்விகள். எண்பத்தாறு என்றதும் அவர் குரல் மாறியது. “இன்னிக்கு இல்ல மோளே, இப்போ. இந்த நிமிஷம் கிளம்பு.”

கணவருக்குப் போன் செய்தேன். நேராக மருத்துவமனைக்கு வந்துவிடுகிறேன் என்றார். காக்கூ ஊரில் இல்லை. குழந்தையை யாரிடம் விடுவது? அவளையும் கூட்டிக்கொண்டேன். செயலியில் கார் பதிவு செய்தேன், இரண்டு தடவையும் ரத்தானது. தெருமுனையில் ஓர் ஆட்டோவை மடக்கி ஏறினோம். மும்பையில் ஆட்டோ சயானுக்கு அந்தப் பக்கம் போகக் கூடாது. அங்கே இறங்கி டாக்ஸி பிடிக்க வேண்டும். சயான் சிக்னலுக்கு முன்னால் போக்குவரத்து அப்படியே நின்றுவிட்டது. மாமா கம்பியைப் பிடித்துக்கொண்டு முன்னால் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். ஒளிக்க வேண்டிய அவசியம் போனதால் இருமலும் தாராளமாக வந்தது. என்னென்னவோ எண்ணங்கள். மகளின் சளிதான் அவருக்கு ஒட்டியதா? புரையேறிய அன்றைக்கே ஆரம்பித்ததா? ஃபைலில் பழைய ஸ்கேன் இருக்கிறதா? இருக்கிறதா என்று திறந்து பார்த்தேன். மூடினேன். மறுபடி திறந்தேன்.

இத்தனைக்கும் நடுவில் என் மகள் நகர்ந்து நகர்ந்து போய்த் தாத்தாவின் மடியில் தலையை வைத்துப் படுத்துக்கொண்டாள். இரண்டு மாதமாக நான் காவல் காத்துப் பிரித்து வைத்தவர்கள். அவர் ஒரு கையை அவள் முதுகில் வைத்தார். அவள் கால்களை நான் என் மடியில் எடுத்து வைத்துக்கொண்டேன்.

சயானில் இறங்கி, ஒரு கையில் ஃபைல், இடுப்பில் குழந்தை, மறுபக்கம் மாமா என்று டாக்ஸிகளை நோக்கி நடந்தோம். இருபது அடி தூரம்தான். பாதியில் மாமா நின்றுவிட்டார். முதல் டாக்ஸிக்காரர் வர மாட்டேன் என்றார். இரண்டாவது ஆள் ஒன்றும் கேட்காமல் இறங்கி வந்து மாமாவின் அக்குளில் கை கொடுத்துத் தூக்கி உட்கார வைத்தார்.

மருத்துவமனையில் ஆக்சிஜன் வைத்தார்கள், இரத்தம் எடுத்தார்கள், ஸ்கேனுக்கு அனுப்பினார்கள். மாலை நான்கு மணிக்கு டாக்டர் எங்களைக் கூப்பிட்டார். என்னைவிட ஐந்தாறு வயதுதான் மூத்திருப்பார். ஹிந்தியும் ஆங்கிலமுமாக, அவசரமில்லாமல் பேசினார்.

நான் கேட்ட முதல் கேள்வியே, என் மகளின் சளியால் வந்ததா என்பதுதான். டாக்டர் இல்லை என்று தலையாட்டினார். கிருமி எதுவும் காரணமாகத் தெரியவில்லை. பிரேக் விலகிய செல்கள் புற்றுநோயோடு நிற்காமல் நல்ல நுரையீரலையும் தாக்கத் தொடங்கிவிட்டன. அதனால் வந்த வீக்கம் இது. இந்த மருந்துக்குச் சிலரிடம் இப்படி நேரும். ஆரம்பத்திலேயே சொல்லிவிட்டால் பெரும்பாலும் சமாளித்துவிடலாம். அதற்குத்தான் அந்த மஞ்சள் அட்டை. “இன்னும் மூன்று நான்கு நாள் போயிருந்தால்...” என்று ஆரம்பித்தவர், என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். குழந்தையைப் பிரித்து வைத்த கதையை நானே சொன்னேன். கை கழுவச் சொல்வது சரி, சளி இருந்தால் சற்றுத் தள்ளி இருப்பதும் சரி, வாரக்கணக்கில் வேறு வீட்டுக்கு அனுப்ப யார் சொன்னார்கள் என்று கேட்டார்.

அதிகமான அளவில் ஸ்டீராய்டு கொடுப்பார்கள். புற்றுநோய் மருந்தை நிறுத்தியாக வேண்டும். தற்காலிகமாக இல்லை, இனி ஏற்றுவதாகவே இல்லை.

பாதியாகச் சுருக்கிய மருந்தல்லவா அது? அதை நிறுத்தினால் மீதிப் பாதி சும்மா இருக்குமா? எதிர்ப்புச் செல்களை அடக்குகிற ஸ்டீராய்டையும் கொடுத்தால் கட்டிக்குக் கொண்டாட்டம்தானே? படபடவென்று கேட்டுவிட்டேன். கணவர் என் கையைப் பிடித்தார்.

டாக்டர் என் மடியில் இருந்த மகளைக் காட்டி, “இவளுக்குத் தட்டம்மை ஊசி எப்போது போட்டீர்கள்?” என்றார். ஒன்பதாவது மாதம் என்றேன். போட்ட நாள், கிழமைகூட எனக்குத் தெரியும். அந்த ஊசி மருந்து இன்னும் அவள் உடம்பில் இருக்கிறதா என்று கேட்டார். இல்லை. பாதுகாப்பு மட்டும் எப்படி இருக்கிறது? ஒரு தடவை எதிரியின் முகத்தைப் பார்த்துக்கொண்ட செல்களில் கொஞ்சம் சாகாமல் தங்கிவிடும். நினைவுச் செல்கள் என்று பெயர். மறுபடி அதே முகம் வந்தால் அவை உடனே அடையாளம் கண்டு பெருகி எழும். புற்றுநோயிலும் சிலருக்கு அப்படி நடக்கிறது. இந்த மருந்தால் விழித்துக்கொண்ட செல்களில் சில, கட்டியின் முகத்தை நினைவில் வைத்துக்கொள்கின்றன. சில இரத்தத்தில் சுற்றும். சில நுரையீரலுக்குள்ளேயே குடியேறி அங்கேயே காவல் இருக்கும். மருந்தை நிறுத்திய பிறகும் பலகாலம் கட்டி வளராமல் இருக்கிற நோயாளிகளைப் பார்த்திருக்கிறேன், அதற்கு இந்தச் செல்கள் ஒரு முக்கியக் காரணம் என்றார்.

நான் நிம்மதியடையப் போகிறேன் என்று பயந்தாரோ என்னவோ, உடனே சேர்த்துச் சொன்னார். எல்லோருக்கும் அப்படி அமைவதில்லை. உங்கள் மாமனாருக்கு எத்தனை செல்கள் நினைவோடு இருக்கின்றன என்று இரத்தத்தை எடுத்துப் பார்த்துச் சொல்ல எனக்கு வழியில்லை. ஸ்டீராய்டு அவற்றைக் கொஞ்சம் அடக்கவும் செய்யலாம். ஆனால் மூச்சு இருந்தால்தான் மற்றதெல்லாம். மூன்று மாதம் கழித்து ஸ்கேன் எடுப்போம். அதுதான் சொல்லும்.

எட்டு நாளில் மாமா வீட்டுக்கு வந்தார். ஸ்டீராய்டால் முகம் பூசினாற்போல் உப்பியது. பசி பசி என்று இரண்டு மணிக்கொரு தரம் ஏதாவது கேட்டார். சர்க்கரை ஏறியது. டாக்டர் சொன்னதை எல்லாம் நான் அவருக்கு விளக்கினேன், எதையும் மறைக்காமல். கவனமாகக் கேட்டார்.

“அப்ப, மருந்து போனாலும் அது சொல்லிக் குடுத்தவன் உள்ளேயே குடியிருக்கான்னு சொல்லுத.”

“இருக்கலாம் மாமா. நிச்சயமாச் சொல்ல முடியாதாம்.”

“இருப்பான், இருப்பான். தாராவியில ஒரு ரூமு கெடச்சவன் காலி பண்ணிட்டுப் போயிருவானா?”

“நீங்க காலி பண்ணிட்டு வந்துட்டியளே மாமா.”

“நானா வந்தேன்? ஒம் புருசன்லா கையப் புடிச்சு இழுத்துட்டு வந்தான்” என்று சிரித்தார். சிரிப்பு இருமலில் முடிந்தது. நாங்கள் இருவரும் ஒரே நேரத்தில் ஃப்ரிட்ஜ் கதவைப் பார்த்தோம். ஆக்சிமீட்டரை எடுத்துவந்தேன். தொண்ணூற்றைந்து. சிரித்ததால் வந்த இருமல்தான்.

அந்த மூன்று மாதத்தைப் பற்றி என்ன சொல்வது? மழை விடாமல் பெய்தது. துணி காயவில்லை. நான் உட்கார்ந்த இடத்தில் உட்காரவில்லை. மாமா சாப்பிட்டால், ஸ்டீராய்டால் சாப்பிடுகிறாரா, உடம்பு தேறிச் சாப்பிடுகிறாரா என்று யோசிப்பேன். சாப்பிடாவிட்டால் கட்டி வளர்கிறதோ என்று யோசிப்பேன். என் மகளுக்கு நர்சரியில் சேர்க்கை கிடைத்தது. சேர்ப்பதா, தள்ளிப்போடுவதா என்று நான்கு நாள் குழம்பினேன். இந்தத் தடவை போன் செய்து கேட்டேன். தாராளமாகச் சேருங்கள், வந்ததும் கை கால் கழுவச் சொல்லுங்கள் என்றார் நர்ஸ். கேட்பதற்கு இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை.

ஸ்கேன் முடிவு வந்த அன்று டாக்டர் திரையை எங்கள் பக்கம் திருப்பினார். பழைய படமும் புதிய படமும் பக்கத்துப் பக்கத்தில் இருந்தன. கட்டி அப்படியே இருந்தது. ஒரு மில்லிமீட்டர் குறைந்திருப்பது போலவும் இருக்கிறது, அதைக் கணக்கில் எடுக்க வேண்டாம், வளரவில்லை என்பதுதான் செய்தி என்றார். மருந்து நின்று மூன்று மாதமாகியும் யாரோ உள்ளே வேலை பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். மாமாவிடம் சொன்னபோது, “நான் சொன்னம்லா, காலி பண்ண மாட்டான்னு” என்றார்.

அதற்குப் பிறகு இரண்டு ஸ்கேன்கள் எடுத்தாகிவிட்டது. இரண்டிலும் அதே நிலை. அடுத்தது வரும் மாதம். அது என்ன சொல்லும் என்று எனக்குத் தெரியாது. தேதி நெருங்க நெருங்க எனக்குத் தூக்கம் குறையும், அதுவும் எனக்குத் தெரியும்.

வீட்டில் சில விஷயங்கள் மாறியிருக்கின்றன. ஜன்னல் ஓரத்து டம்ளரை நான் எடுத்து அலமாரியில் எல்லா டம்ளர்களோடும் வைத்துவிட்டேன். எது யாருடையது என்று இப்போது யாருக்கும் தெரியாது. மகளை எதற்காகவும் தாராவிக்கு அனுப்புவதில்லை. லீவில் அவளாக ஆசைப்பட்டுப் போனால்தான். மாமா இருமல் வந்தால் நடு வீட்டில் நின்று சத்தமாக இருமிவிட்டு, “இது வெறும் தொண்ட தாயி, எழுதிக்கோ” என்று அறிவிக்கிறார். தாத்தா இருமினால் அம்மாவிடம் ஓடிவந்து சொல்வதுதான் இப்போது என் மகளின் விளையாட்டு. சில நாள் அவர் இருமாமலேயே வந்து சொல்கிறாள்.

இருந்தும், குளியலறையில் குழாய் கொஞ்சம் கூடுதலாக ஓடினால் நான் அடுப்பைத் தணித்துவிட்டுக் கதவருகே போய் நிற்கிறேன். “குளிக்கேன் தாயி, போ” என்று உள்ளேயிருந்து குரல் வரும். திரும்பி வந்து அடுப்பைக் கூட்டுவேன். அவர் உடம்புக்குள் நோயின் முகத்தை மறக்காத செல்கள் எத்தனை இருக்கின்றன என்று யாராலும் எண்ணிச் சொல்ல முடியாது. ஆனால் என் கண்டிப்புக்குப் பயந்து ஒரு மனிதர் தன் இருமலைத் தண்ணீர்ச் சத்தத்துக்குள் ஒளித்து வைத்ததை நான் மறக்கவில்லை, இன்றும் யாருடைய நன்மைக்காகவாவது ஒரு சட்டம் போடப் போகும்போது, இதை மீறினால் என்னிடம் வந்து பயமில்லாமல் சொல்ல அவர்களால் முடியுமா என்றுதான் முதலில் என்னை நானே கேட்டுக்கொள்கிறேன்.